பாடும் உரிமைக்காக வாழ்ந்தவர்: பெங்களூர் நாகரத்தினம்மாள்

நுழையும் முன்

தம் ஊரைவிட்டு வேற்றூர் சென்று வாழ்வோர் தம்முடன் எடுத்துச் செல்வன சிலவே. தாய்மொழி, கற்ற கலை, ஊரின் பெயர் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. நம் முன்னோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்து குடியேறினர். அதே காலத்தில் கன்னட நாட்டில் பிறந்த பெண் ஒருவர் இசை என்னும் செல்வத்தை ஏந்தித் தமிழ்நாட்டிற்குச் சென்றார். அங்கே தாம் எழுப்பிய கோயிலிலேயே பாடும் உரிமை மறுக்கப்பட்டு, அவ்வுரிமையைப் போராடிப் பெற்றார். அப்பெருமகளின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிந்து கொள்வோம்.

ஆற்றங்கரையில் பிறப்பு

மைசூருக்குத் தெற்கே கபினி ஆற்றின் கரையில் நஞ்சன்கூடு என்னும் திருத்தலம் உள்ளது. அங்கு 1878-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் நாகரத்தினம்மாள் பிறந்தார். தாயார் பெயர் புட்டலட்சுமி. தந்தையார் சுப்பாராவ் என்னும் வழக்கறிஞர்.

புட்டலட்சுமி தேவதாசி மரபைச் சேர்ந்தவர். கோயில்களிலும் அரசவைகளிலும் ஆடல் பாடல்களை வழிவழியாகக் காத்து வந்தவர்கள் அம்மரபினர். அவர்கள் கலையைப் போற்றிய சமுதாயம் அவர்களுக்கு உரிய மதிப்பைத் தரத் தவறியது. குழந்தை மிகச் சிறியதாக இருந்தபோதே தந்தையின் ஆதரவு நீங்கிற்று. கைக்குழந்தையுடன் தனித்து நின்ற தாய் கலங்கினாலும் துவளவில்லை. தம் மகளுக்குக் கல்வி ஒன்றே துணையாகும் என்று தெளிந்தார்.

தாயின் உறுதி

மைசூரில் கிரிபட்டர் திம்மையா சாஸ்திரி என்னும் வடமொழி அறிஞர் வாழ்ந்து வந்தார். புட்டலட்சுமிக்கு அவரிடம் அடைக்கலம் கிடைத்தது. சிறுமி நாகரத்தினம் அவரிடமே வடமொழியும் இசையும் பயிலத் தொடங்கினார். கேட்டதை உடனே மனத்தில் பதித்துக்கொள்ளும் ஆற்றல் அச்சிறுமிக்கு இயல்பாகவே இருந்தது. அக்காலத்தில் பெண்குழந்தைகள் எழுத்தறிவு பெறுவதே அரிது. அந்நிலையில் ஒரு சிறுமி வடமொழி கற்றுத் தேறியது ஊரார்க்கு வியப்பாக இருந்தது.

இந்நிலை நீடிக்கவில்லை. ஆசிரியருக்கும் தாய்க்கும் இடையே மனவேற்றுமை எழுந்தது. அடைக்கலம் தந்த இல்லம் அவர்களுக்கு மூடப்பட்டது. மகளைக் கல்வியிலும் கலையிலும் சிறந்தவளாக ஆக்கிய பின்னரே மைசூர் மண்ணை மீண்டும் மிதிப்பது என்று புட்டலட்சுமி உறுதி பூண்டார் என்பர். அந்த உறுதியே நாகரத்தினம்மாளின் வாழ்க்கைக்கு அடித்தளமாயிற்று.

வயலின் கலைஞரான மாமன் வேங்கடசாமியப்பா அவர்களுக்கு ஆதரவளித்தார். நாகரத்தினம் கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கற்றார்; ஆடலும் வயலினும் பயின்றார். ஆயினும் அவருடைய உள்ளம் முதன்மையாக நாடியது வாய்ப்பாட்டையே.

இசைப் பயிற்சி

பெங்களூரில் முனுசாமியப்பா என்னும் இசையாசிரியரிடம் நாகரத்தினம் கருநாடக இசை பயின்றார். அவருடைய ஆசிரியர் வரிசையை நாம் அறிந்து கொள்ளுதல் வேண்டும். திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசரிடம் நேரில் பயின்றவர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். அவர் தம் மகன் கிருஷ்ணசாமி பாகவதருக்கு அவ்விசையைக் கற்பித்தார். கிருஷ்ணசாமி பாகவதரிடம் பயின்றவர் முனுசாமியப்பா. முனுசாமியப்பாவிடம் பயின்றவர் நாகரத்தினம். திருவையாற்றில் ஊறிய இசை, இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜாபேட்டை வழியாகப் பெங்களூரை வந்தடைந்தது. நம்முள் பலருடைய பாட்டன் பாட்டியர் பிறந்த ஊர்கள் அந்த வாலாஜாபேட்டைக்கு அண்மையில் உள்ளவையே.

அக்கால இசைக்கல்வி எத்தகையது? ஆசிரியர் பாடுவதைக் கேட்டு மாணவர் திரும்பப் பாட வேண்டும். சரளி வரிசை, சண்ட வரிசை, அலங்காரம், கீதம், வருணம், கீர்த்தனை என்று படிப்படியாகவே மேலேற வேண்டும். ஒரு படியில் குரல் நிலைபெறாமல் அடுத்த படிக்குச் செல்ல இயலாது. இத்தொடக்கப் பாடங்களை வகுத்தவர் கன்னடப் புலவரான புரந்தரதாசர் என்று இசையுலகம் போற்றுகிறது. எனவே, தமிழ்நாட்டில் இசை பயிலும் குழந்தையும் கன்னட நாட்டில் இசை பயிலும் குழந்தையும் ஒரே பாடத்தில்தான் தொடங்குகின்றன.

சுரம் தவறாமல் பாடுவது மட்டும் இசையாகாது. பாடலின் பொருளை உணர்ந்து பாடுதல் வேண்டும். தியாகராசரின் கீர்த்தனைகளுள் பெரும்பாலானவை தெலுங்கிலும் சில வடமொழியிலும் அமைந்தவை. இளமையில் இவ்விரு மொழிகளையும் முறையாகக் கற்றிருந்தமையால் நாகரத்தினம் ஒவ்வொரு சொல்லையும் பொருளறிந்து பாடினார். மொழியறிவு அவருடைய இசைக்கு ஒளியூட்டியது.

அரங்கேற்றமும் அரசவையும்

நாகரத்தினம் தம் பதினைந்தாம் அகவையில் கற்றறிந்தோர் அவையில் அரங்கேறினார். மைசூர் மன்னர் சாமராசேந்திர உடையார் அவருடைய திறனைக் கண்டு பாராட்டினார். மைசூர் அரசவையில் அவருக்கு இடம் கிடைத்தது. புகலின்றித் தாயும் மகளும் நீங்கிய அதே நகரில், கலையின் துணையால் அவர் தலைநிமிர்ந்து நின்றார்.

1894-ஆம் ஆண்டின் இறுதியில் மன்னர் மறைந்தார். நாகரத்தினம் பெங்களூருக்குத் திரும்பினார். மைசூர் உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய நரகரி ராவ் அவருடைய கலைக்கு ஆதரவு நல்கினார். கலை வளர்வதற்கு ஏற்ற பெருநகரம் சென்னையே என்று அவர் அறிவுரை கூறினார். அதனை ஏற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகரத்தினம் சென்னையில் குடியேறினார். பெங்களூரையும் சென்னையையும் இணைக்கும் இருப்புப்பாதை நம் பங்காருப்பேட்டை வழியாகவே செல்கிறது. அப்பாதையின் ஒரு முனையில் அவர் பெற்ற இசை, மறுமுனையில் அவருக்குப் பெயர் ஈட்டித் தந்தது.

சென்னை வாழ்வு

அக்காலச் சென்னையில் இசைவாணர்களும் இசையைச் சுவைப்போரும் நிறைந்திருந்த பகுதி சார்ச் டவுன். நாகரத்தினம்மாள் அங்கே வாழ்ந்தார். வீணை தனம்மாள் போன்ற பெருங்கலைஞர்கள் கோலோச்சிய நகரில், வேற்று மாநிலத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண் தனக்கென இடம் பெறுவது எளிதன்று. ஆழ்ந்த இசையறிவும் உரத்து ஒலிக்கும் குரலும் தெளிந்த சொல்லுச்சரிப்பும் அவருக்கு அவ்விடத்தைப் பெற்றுத் தந்தன.

அவர் இசைக்கச்சேரி நிகழ்த்தினார். கதை கூறி இடையிடையே பாடும் அரிகதையும் நிகழ்த்தினார். தென்னாட்டு ஊர்கள் பலவற்றிற்கும் சென்று பாடினார். இசைத்தட்டுகள் அவர் குரலை நேரில் கேளாதோரிடமும் கொண்டு சேர்த்தன. அவர் ஈட்டிய வருவாய்க்கு வருமான வரி செலுத்தினார். கலையை நம்பி வாழும் ஒரு பெண் அரசுக்கு வரி செலுத்துமளவு உயர்ந்தது அக்காலத்தில் பேசப்பட்ட செய்தியாகும்.

சென்னையிலும் திருவையாற்றிலுமாகத் தமிழ் மண்ணில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்தும் அவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்றே அழைக்கப்பட்டார். வந்த ஊரின் பெயரை அவர் மறைக்கவில்லை. வாழ்ந்த ஊரை அயலென்று எண்ணவுமில்லை. இவ்விரண்டும் ஒருவரிடம் ஒருங்கே அமையலாம் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

மறைந்த நூலை மீட்டவர்

நாகரத்தினம்மாள் நூல்களை நாடிக் கற்கும் வழக்கமுடையவர். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் முத்துப்பழனி என்னும் பெண்புலவர் விளங்கினார். அவர் தெலுங்கில் இயற்றிய நூல் இராதிகா சாந்துவனம். அந்நூலின் பதிப்பு ஒன்று நாகரத்தினம்மாளின் கைக்குக் கிடைத்தது. அதில் பல பகுதிகள் விடுபட்டிருந்தன. நூலாசிரியர் தம்மைப் பற்றிக் கூறிய பகுதியும் இல்லை. ஒரு பெண்ணின் நூல் சிதைந்து கிடப்பதை அவரால் பொறுக்க இயலவில்லை. சுவடியைத் தேடிப் பெற்று, விடுபட்டவற்றைச் சேர்த்து, 1910-ஆம் ஆண்டில் முழுநூலாக வெளிவரச் செய்தார். சென்னை வாவிள்ள நிறுவனத்தார் அதனை அச்சிட்டனர்.

நூலுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அரசு 1911-இல் அதனைத் தடை செய்தது. ஆண்புலவர்கள் பாடிய அத்தகைய நூல்களை ஏற்றுக்கொண்டோர், பெண்புலவர் பாடியதை மட்டும் பழித்தனர். இவ்வேற்றுமையை நாகரத்தினம்மாள் வெளிப்படையாகச் சுட்டிக் காட்டினார். அத்தடை 1947-ஆம் ஆண்டில்தான் நீங்கியது. பின்னாளில் திருவையாற்றில் அவர் நிகழ்த்திய பெரும் போராட்டத்திற்கு இது முன்னோட்டமாக அமைந்தது எனலாம்.

வாழ்வை மாற்றிய கடிதம்

தியாகராசர் 1767 முதல் 1847 வரை வாழ்ந்தவர். திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் காவிரிக்கரையில் வாழ்ந்து, அங்கேயே மறைந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தவாறே தம் தாய்மொழியில் பாடல்களை இயற்றினார். அவர் மறைந்தபின் அவருடைய சமாதி காலப்போக்கில் கவனிப்பாரின்றிப் போயிற்று. 1903-ஆம் ஆண்டில் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதனைத் தேடிக் கண்டு புதுப்பித்தனர். அதன்பின் ஆண்டுதோறும் அங்கு ஆராதனை விழா நடைபெறலாயிற்று. ஆனால் சமாதி மீண்டும் போதிய பராமரிப்பின்றிச் சீர்குலைந்தது.

மைசூர் அரசவைப் பாடகர் பிடாரம் கிருஷ்ணப்பாவை நாகரத்தினம்மாள் தம் ஆசான்களுள் ஒருவராகப் போற்றி வந்தார். அவர் திருவையாற்றுக்குச் சென்றபோது சமாதியின் நிலையைக் கண்டு வருந்தினார். 1921-ஆம் ஆண்டில் அச்செய்தியைக் கடிதம் வாயிலாக நாகரத்தினம்மாளுக்குத் தெரிவித்தார்.

அக்கடிதம் அவர் நெஞ்சை உலுக்கியது. தம் ஆசானின் ஆசானுக்கு ஆசானுக்கு ஆசானாக விளங்கியவர் தியாகராசர். அவருடைய பாடல்களைப் பாடியே தாம் புகழும் பொருளும் பெற்றதை அவர் எண்ணிப் பார்த்தார். அப்பொருளை அவருக்கே திருப்பித் தருவது தம் கடமை என்று துணிந்தார். அப்போது அவருக்கு அகவை நாற்பதைக் கடந்திருந்தது.

கோயில் எழுந்தது

நாகரத்தினம்மாள் திருவையாற்றுக்குச் சென்றார். முள்ளும் புதரும் அகற்றப்பட்டன; சமாதி அமைந்த நிலம் பெறப்பட்டது. 1921-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடப் பணிக்குப் பெரும்பொருள் தேவைப்பட்டது. அவர் கச்சேரிகளில் ஈட்டிய செல்வத்தைச் செலவிட்டார். தம் நகைகளையும் உடைமைகளையும் விற்றார். தங்கம் எத்துணை உழைப்பால் கிடைப்பது என்பதைத் தங்கவயல் மக்கள் நன்கு அறிவர். பாடிப் பாடிச் சேர்த்த பொன்னைக் கல்லும் சுண்ணமுமாக மாற்றிய அவருடைய உள்ளத்தையும் அவர்கள் எளிதில் உணர்வர்.

1925-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் நாள் குடமுழுக்கு நடைபெற்றது. தியாகராசருக்குத் திருவையாற்றுக் காவிரிக்கரையில் கோயில் எழுந்தது.

குரல் எழத் தடை

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஆராதனை விழாவை நடத்தியோர் அப்போது இரு பிரிவினராக இருந்தனர். ஒரு பிரிவு பெரிய கட்சி என்றும் மற்றொன்று சின்னக் கட்சி என்றும் வழங்கப்பட்டன. தனித்தனியே விழா எடுத்த இவ்விரு பிரிவினரும் ஒரு செய்தியில் மட்டும் ஒன்றுபட்டிருந்தனர். பெண்கள் அவ்விழாவில் பாடலாகாது என்பதே அது.

கோயிலை எழுப்பியவர் ஒரு பெண். அதற்குப் பொருள் தந்தவர் ஒரு பெண். தியாகராசரின் இசைவழியில் பயின்றவர் அவர். எனினும் அவர் குரல் அங்கே ஒலிக்கக் கூடாது என்றனர். தாமும் விழாவில் இசைத்தொண்டு செய்ய வேண்டும் என்று நாகரத்தினம்மாள் விரும்பிக் கேட்டார், அவ்விருப்பம் மறுக்கப்பட்டது.

மனம் நொந்து சென்னைக்கே திரும்பியிருக்கலாம். கோயிலைத் தம்முடையது என்று கூறிப் பிறரைத் தடுத்திருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. 1927-ஆம் ஆண்டில் பெண்கலைஞர்களைத் திரட்டினார். ஆண்கள் முன்புறத்தில் விழா நடத்த, சமாதியின் பின்புறத்தில் பெண்களின் ஆராதனை தொடங்கியது. மக்கள் அதனைப் பெண்கள் கட்சி என்று அழைத்தனர். மறுக்கப்பட்ட குரல்கள் காவிரிக்கரையில் ஒலித்தன. ஆண்டுக்கு ஆண்டு அவ்விழாவிற்கு வரும் பெண்களின் எண்ணிக்கை பெருகியது. முன்புறத்தில் கேட்டு மகிழ்ந்தோர் பின்புறத்திற்கும் வந்து கேட்கலாயினர்.

தெரிந்து கொள்வோம்

பெண்களின் குரலுக்குத் தடை நம் நாட்டில் மட்டும் இருந்ததன்று. பாரசீக நாடாகிய ஈரானில், முகத்திரையின்றி ஆடவர் முன்னிலையில் பெண்கள் பாடுதல் கூடாது என்னும் வழக்கம் இருந்தது. 1924-ஆம் ஆண்டில் கமருல் முலூக் வசீரி என்னும் பாடகி தெகரான் நகரத்துக் கிராண்ட் விடுதி அரங்கில் திரையின்றித் தோன்றிப் பாடி அவ்வழக்கத்தை மாற்றினார். திருவையாற்றுக் கோயிலின் குடமுழுக்கு நடந்தது அதற்கு மறு ஆண்டில் என்பது நினைக்கத்தக்கது.

ஒன்றிணைந்த விழா

பிரிந்து நடந்த விழாக்கள் இசையுலகிற்கு வருத்தம் அளித்தன. சான்றோர் சிலர் முயன்று மூன்று கட்சியினரையும் ஒன்றுசேர்த்தனர். 1941-ஆம் ஆண்டில் ஆராதனை ஒரே விழாவாக நடைபெற்றது. பெண்கள் முன்புறத்தில், எல்லார் முன்னிலையிலும் பாடும் உரிமை பெற்றனர். பதினான்கு ஆண்டுகள் பொறுமையுடன் நிகழ்த்திய போராட்டம் பயன் தந்தது.

தியாகராசரின் பஞ்சரத்தின கீர்த்தனைகளை அனைவரும் சேர்ந்து பாடும் வழக்கமும் அக்காலத்தில் தோன்றியது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில் அமைந்தவை அவை. இன்றும் தை மாதத்தையொட்டி நடைபெறும் அவ்விழாவில் ஆண்களும் பெண்களும் வரிசை வரிசையாக அமர்ந்து ஒரே குரலில் அவற்றைப் பாடுகின்றனர். தொலைக்காட்சியில் அக்காட்சியை நீங்கள் கண்டிருக்கலாம். இனி அதனைக் காணும்போது, அங்கே அமர்ந்து பாடும் பெண்களின் இடம் எவ்வாறு கிடைத்தது என்பதை நினைவு கொள்ளுங்கள்.

இறுதிக்காலம்

நாகரத்தினம்மாள் தம் இறுதிக்காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். பட்டும் நகையும் துறந்து எளிய வாழ்வு வாழ்ந்தார். வித்யாசுந்தரி, தியாகசேவாசக்தா முதலிய பட்டங்கள் அவரைத் தேடி வந்தன. அவர் பெரிதாகக் கருதியது பட்டங்களை அன்று. தமக்குப் பின்னும் தம் பணி தொடர வேண்டும் என்பதையே.

1949-ஆம் ஆண்டில் தம் உடைமைகளை எல்லாம் தியாகராசர் சமாதியின் பணிக்கென ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். பெண்கள் அங்கே வழிபடவும் இசைத்தொண்டு செய்யவும் உள்ள உரிமை என்றும் காக்கப்பட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. பெற்ற உரிமை பறிபோகாதவாறு அதனை எழுத்தில் பதித்த அவருடைய தொலைநோக்கு போற்றத்தக்கது.

1952-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் தம் எழுபத்து மூன்றாம் அகவையில் அவர் இயற்கை எய்தினார். தியாகராசர் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் சமாதி அமைந்தது. அங்கே, தியாகராசரை நோக்கிக் கைகூப்பி அமர்ந்த கோலத்தில் அவருடைய சிலை உள்ளது.

நிறைவுரை

மாணவச் செல்வங்களே! நஞ்சன்கூட்டைத் தழுவி ஓடும் கபினி, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. அந்தக் காவிரி சிவசமுத்திரத்தில் அருவியாக விழுகிறது. அங்கே பிறந்த மின்னாற்றல்தான் 1902-ஆம் ஆண்டில் நம் தங்கவயலுக்கு வந்து சுரங்கங்களில் ஒளியேற்றியது. அதே நீர் மேலும் ஓடித் திருவையாற்றை அடைகிறது. நாகரத்தினம்மாள் பிறந்ததும் ஓய்வு கொண்டதும் ஒரே நீரின் இரு கரைகளில் எனலாம்.

கன்னட நாட்டில் பிறந்த ஒரு பெண், தெலுங்கில் பாடிய ஒரு புலவருக்குத் தமிழ்நாட்டில் கோயில் எழுப்பினார். மொழிகள் மூன்றும் அவரிடத்தில் முரண்படவில்லை. வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசி வளரும் நீங்கள், பல மொழி அறிவதை ஒரு சுமையாகக் கருத வேண்டா. நாகரத்தினம்மாளுக்கு அதுவே வலிமையாயிற்று. தாயின் உறுதி, ஆசிரியரிடம் பெற்ற பயிற்சி, பெற்றதைத் திருப்பித் தரும் நன்றி, மறுக்கப்பட்ட இடத்திலும் பாடத் துணிந்த நெஞ்சுரம் ஆகியவை அவர் நமக்கு விட்டுச் சென்ற செல்வம். அச்செல்வத்தை நாமும் பேணிக் காப்போம்.

சொற்பொருள்

அகவை – வயது
அடைக்கலம் – புகலிடம்
துவளுதல் – சோர்ந்து தளர்தல்
கோலோச்சுதல் – சிறந்து ஆட்சி செலுத்துதல்
சுவடி – ஓலையில் எழுதப்பட்ட நூல்
சுண்ணம் – சுண்ணாம்பு
குடமுழுக்கு – கோயிலுக்குச் செய்யும் நீராட்டு விழா
ஆராதனை – வழிபாடு. இங்கு, மறைந்த நாளில் எடுக்கும் விழா
நெஞ்சுரம் – மனவலிமை

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. நாகரத்தினம்மாள் பிறந்த ஊர் ____________.
2. முனுசாமியப்பாவின் ஆசிரியர் ____________.
3. தியாகராசர் கோயிலின் குடமுழுக்கு நடைபெற்ற ஆண்டு ____________.
4. முத்துப்பழனி இயற்றிய நூல் ____________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. புட்டலட்சுமி பூண்ட உறுதி யாது?
2. நாகரத்தினம்மாளின் மொழியறிவு அவருடைய இசைக்கு எவ்வாறு துணைசெய்தது?
3. பிடாரம் கிருஷ்ணப்பா கடிதத்தில் தெரிவித்த செய்தி யாது?
4. பஞ்சரத்தின கீர்த்தனைகள் அமைந்துள்ள ஐந்து இராகங்கள் யாவை?

இ. ஒரு பத்தியில் விடையளிக்க.
1. பெண்கள் கட்சி தோன்றியதன் காரணத்தையும் அதன் பயனையும் எழுதுக.
2. நாகரத்தினம்மாள் 1949-இல் எழுதி வைத்த ஆவணத்தில் நிபந்தனை விதித்தது ஏன்? உங்கள் கருத்தை எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
1. ஆற்றங்கரை 2. மொழியறிவு 3. அடிக்கல் 4. நெஞ்சுரம்

உ. எதிர்ச்சொல் தருக.
1. முன்புறம் 2. புகழ் 3. எளிது 4. இளமை

ஊ. செயல்பாடு
உங்கள் வீட்டுப் பெரியோரிடம் அவர்களுடைய முன்னோர் எந்த ஊரிலிருந்து தங்கவயலுக்கு வந்தனர் என்று கேட்டறிக. அவர்கள் தம்முடன் கொண்டு வந்த பாட்டு, கதை, தொழில் அல்லது வழக்கம் ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.